நாற்பத்து மூன்றாவது ஓடை

அக்டோபர் 13, திங்கள்

மேல்வீட்டு சிவப்பிரகாசம் மகள் வீட்டுக்குப் போகப் பெங்களூருக்கு விமான டிக்கெட் எடுத்திருக்கிறார். விலையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முப்பது வருடம் வங்கியில் மேலாளராக இருந்த மனிதர். ஏஜென்ட் வாயில் வந்த தொகையை அப்படியே நீட்டிவிட்டு, "ஜன்னல் சீட்டு சார்" என்று என்னிடமே பெருமை பேசுகிறார். இவரை நம்பி ஊர்ப் பணத்தை ஒப்படைத்திருந்தார்கள்.

"ஃபீட் ரீடர்னு ஒண்ணு இருக்கு. நான் போட்டுத் தரேன். இனிமே எந்த ஏஜென்ட் வாசலையும் மிதிக்க வேணாம்" என்றேன்.

"அதெல்லாம் உங்கள மாதிரி வேலை இல்லாதவங்களுக்கு சார்" என்றார், படியேறிக்கொண்டே.

வேலை இல்லாதவன்! திருச்சி சந்திப்பு முன்பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். இந்த ஊரில் பாதிப் பேர் என் கையால் டிக்கெட் வாங்கித்தான் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போயிருக்கிறார்கள். கவுண்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால்தான் மனித ஜாதியின் லட்சணம் தெரியும். போகிற தேதி தெரியாது, ரயில் பெயர் தெரியாது, பேனா கொண்டுவரத் தெரியாது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. கூட்டம் அப்படியேதான் இருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் வாங்க வேண்டும்.

காலை ஆறிலிருந்து எட்டு வரை ரீடர். இது என்ன என்று லூர்து இதுவரை ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. மனைவி கேட்காததை நாட்குறிப்பாவது தெரிந்துகொள்ளட்டும். விமானக் கம்பெனிகள், பயணத் தளங்கள், சலுகையைத் தேடித் தேடி எழுதுகிறவர்கள், இப்படி நமக்கு வேண்டிய பக்கங்களின் முகவரியை ஒரு முறை கொடுத்துவிட்டால் போதும். அங்கே புதிதாக எது வந்தாலும் ரீடரே எடுத்துவந்து ஒரே இடத்தில் வரிசையாக வைத்துவிடும். ஒவ்வொரு பக்கமும் ஓர் ஓடை. நான் மொத்தம் நாற்பத்து மூன்று ஓடைகள் வைத்திருக்கிறேன். எல்லாம் 'சலுகை' என்ற ஒரே கோப்புறைக்குள்.

நாற்பத்து இரண்டு என்று சொல்வதுதான் சரி. நாற்பத்து மூன்றாவது சலுகை ஓடை அல்ல. பினாங்கிலிருந்து ஒருத்தி தமிழில் எழுதுகிற வலைப்பூ. மீன் சந்தை, மழை, அலுவலகம், எதில் எவ்வளவு புளி ஊற்றினாள் என்று வாரத்துக்கு ஒன்று எழுதுவாள். தவறாமல் வருகிற ஓடை ஒன்று இருந்தால்தான் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரியும். சோதனைக்காக வைத்திருக்கிறேன். படங்கள் ரீடரில் சரியாகத் தெரியாது, அதனால் அந்தப் பக்கத்தையே திறந்து பார்ப்பேன். அவ்வளவுதான்.

சென்ற வாரம் எழுதியதில் இரண்டு எழுத்துப் பிழை. நான் படிக்க வைத்த பெண்.

அக்டோபர் 22, புதன்

லூர்து இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "நவம்பர் ரெண்டாவது வாரம் செலின்கிட்ட போகணும். ரெண்டு பேரும் போகலாம். டிக்கெட் போடுங்க."

"என்ன திடீர்னு?"

"போகணும். அவ்வளவுதான். காரணத்த அவளே சொல்லுவா."

அவளே எப்படிச் சொல்லுவாள்? நான்கு வருடமாக மகளிடமிருந்து அம்மாவுக்கு மட்டும்தான் போன். அதுவும் நான் காய்கறி வாங்கப் போகிற நேரம் பார்த்து. மாப்பிள்ளை குணசீலன் பினாங்கில் டிராவல் ஏஜென்ட். ஒருவன் டிக்கெட்டை இன்னொருவனுக்கு விற்று நடுவில் கமிஷன் அடிக்கிறவன். செலின் கையில் வங்கி வேலை இருந்தது. அதை விட்டுவிட்டு இவனைக் கட்டிக்கொள்ளப் போனாள். "டிக்கெட் விக்கிறவனா?" என்று நான் கேட்டதற்கு, "நீங்க மட்டும் என்ன வித்தீங்க?" என்று லூர்து அன்றைக்குக் கேட்டாள். நான் கொடுத்தது இந்திய ரயில்வே டிக்கெட். வித்தியாசம் தெரியாதவளிடம் என்ன பேசுவது?

"விலை குறையட்டும், போடறேன்" என்றேன்.

லூர்து அரிசியை நான்கு முறை கழுவினாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். சாமியார் பணிவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பணிவு உள்ளவர் பத்து நிமிடத்தில் முடித்திருப்பார்.

கோப்புறையில் பழைய சரக்கு குவிந்து கண்ணை உறுத்துகிறது. முந்தாநாள் முடிந்துபோன சலுகையை இன்றைக்கு வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரயிலில் சார்ட் தயாராகிவிட்டால் அதற்குப் பிறகு வருகிறவன் மந்திரியே என்றாலும் கதவு சாத்தியதுதான். அதே முறையை இங்கேயும் வைத்துவிட்டேன். சலுகைக் கோப்புறையில் இரண்டு நாளுக்கு மேல் படிக்காமல் கிடக்கிற எதையும் ரீடரே தூக்கிப் போட்டுவிடும். இந்த வசதி அதில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சிவப்பிரகாசத்துக்குத் தெரியுமா?

அக்டோபர் 29, புதன்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஆறாயிரத்து இருநூறு. இந்த வருடத்தில் இதுதான் குறைவு. லூர்து பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"குறைஞ்சிருக்குல்ல?"

"இன்னும் குறையும்."

"எனக்கென்னவோ நீங்க போடவே போறதில்லன்னு தோணுது" என்றாள்.

பெண்களுக்கு விலையின் போக்கு புரியாது. வாஷர் வாங்கி மாட்டினேன். ஒழுகுவது நிற்கவில்லை. கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்திருக்கிறான்.

நவம்பர் 1, சனி

நாளை கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஊருக்குக் கிளம்புகிறேன். லூர்துவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. நேற்று காலை பார்த்ததுதான், அதற்குப் பிறகு ரீடரைத் திறக்க நேரமில்லை. கைபேசியில் பார்க்கலாமே என்று கேட்பார்கள். உள்ளங்கையளவு கண்ணாடியில் உலகத்தைப் பார்க்கிற கூட்டத்தில் நான் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

நேற்றே திரும்பியிருக்க வேண்டியது. அப்பா கல்லறையின் சிலுவையில் ஒரு கை உடைந்திருந்தது. கொத்தனார் இதோ வருகிறேன் என்று சொல்லி ஒரு நாள் முழுக்க வரவில்லை. சித்தப்பா மகன்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பிரியாணிக்குப் போய்விட்டார்கள். சிமெண்ட் குழைத்து நானே பூசினேன்.

மதியம் வீட்டுக்கு வந்தேன். லூர்து கதவைத் திறந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையைக் கூட வாங்கவில்லை.

குளித்துவிட்டு ரீடரைத் திறந்தேன். நான் இல்லாதபோது குவிந்த பழைய குப்பை துடைத்துச் சுத்தமாகிக் கிடந்தது. இன்றைக்கும் நேற்றைக்கும் வந்தவை மட்டும். நான் வைத்த ஏற்பாடு மணி மாதிரி வேலை செய்கிறது.

நவம்பர் 6, வியாழன்

சாப்பிடும்போது லூர்து, "எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா உங்களுக்கு?" என்றாள்.

"பாங்காக் ஏழாயிரத்துக்கு வந்திருக்கு" என்றேன்.

சாதத்தைத் தட்டிலேயே விட்டு எழுந்து போனாள். முழங்கால் வலி வந்தால் இவளுக்குக் கோபமும் சேர்ந்து வரும்.

சோதனை ஓடையில் இந்த வாரம் ஒன்றும் வரவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

இன்றும் வரவில்லை.

நவம்பர் 8, சனி

வரவில்லை. கருவிக் கோளாறு இல்லை. மற்ற நாற்பத்து இரண்டும் வருகின்றன. ஆரம்பித்த எதையும் ஒழுங்காகச் செய்துவருகிற பழக்கம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிடையாது. பாட்டு வகுப்பிலும் இப்படித்தான். நல்ல குரல் என்று டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார்கள். இவள் இரண்டு வருடத்தில் நிறுத்திவிட்டாள்.

காலையில் நான்கு முறை, மாலையில் மூன்று முறை ரீடரைப் பார்த்தேன். வராததற்காக அவள் பக்கத்தைத் தேடிப் போய்த் தட்டுகிற ஆள் நான் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

தலையில் இடி. லூர்து சிவப்பிரகாசத்தைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஏஜென்டிடமே தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறாள். என் மனைவி. முப்பத்து நான்கு வருடம் முன்பதிவில் இருந்தவன் மனைவி, மேல்வீட்டுக்காரர் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்து போய். விலையைக் கேட்டேன். பதினோராயிரம்.

"ஆறாயிரத்து இருநூறு இருந்துச்சு!"

"இருந்துச்சு. நீங்க போடல."

"ரெண்டு வாரம் பொறுத்திருந்தா..."

"ரெண்டு வாரத்துக்கப்புறம் நான் அங்க போயி என்ன பண்றது?" என்றாள். அழுதாள். நான் வெளியே போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஏற்கெனவே ஊற்றியிருந்தாள் போலிருக்கிறது, தொட்டியெல்லாம் வழிந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

விமான நிலையம் வரை ஆட்டோவில் போனேன். உள்ளே போவதற்கு முன் திரும்பி, "கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க மூணு நாள் கிடைச்சுது உங்களுக்கு" என்றாள். அதற்கு என்ன அர்த்தம்? செத்தவர்களுக்குச் செய்வதும் தப்பா?

நவம்பர் 12, புதன்

சாதம் குழைந்துவிட்டது. ஓடையில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

மாலை நான்கு மணிக்கு லூர்துவிடமிருந்து போன்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஆபரேஷன். சொல்லலன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதில்ல, அதான் சொல்றேன்."

"யாருக்கு? என்ன ஆபரேஷன்?"

"நடிக்காதீங்க."

"லூர்து, சத்தியமா..."

"அவ உங்களுக்குன்னு எழுதி ரெண்டு வாரமாச்சு. நாலு வருஷமா திருச்சிலேர்ந்து ஒரே ஒரு ஆள் படிக்கிறாருன்னு அவளுக்குத் தெரியும். யாரு எங்கேர்ந்து படிக்கிறாங்கன்னு அவ எழுதுற பக்கமே கணக்குக் காட்டுமாம். எழுதினதப் படிச்சுட்டு பாங்காக் டிக்கெட்டப் பத்திப் பேசின மனுசன் நீங்க."

படிக்கவில்லை என்றேன். வரவே இல்லை என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே புரிந்தது. வந்திருக்கிறது. இரண்டு நாள் கிடந்திருக்கிறது. நான் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். சலுகைக் கோப்புறைக்குள் அவளையும் வைத்துவிட்டு, அந்தக் கோப்புறைக்கே சட்டம் போட்டவன் நான்.

அதைச் சொன்னேன். லூர்து, "அவ கல்யாணத்துக்குப் போகாததுக்கு டிக்கெட் வெல. இப்ப கம்ப்யூட்டர். உங்களுக்குன்னு ஏதாச்சும் ஒரு சாக்கு கெடச்சுடுது" என்றாள்.

"போன அவகிட்ட குடு."

"இப்பத்தான் மருந்து குடுத்துத் தூங்க வச்சிருக்காங்க. பத்து நாளா போனையே பாத்துட்டு இருந்தா. இப்பதான் நிம்மதியா தூங்குறா. எழுப்ப மாட்டேன்." வைத்துவிட்டாள்.

ரீடர் தூக்கிப் போட்டவற்றுக்கு ஒரு தனிப் பட்டியல் இருக்கிறது. இதுவரை திறந்ததில்லை. திறந்தேன். துபாய் சலுகைக்கும் கொழும்பு சலுகைக்கும் நடுவில் இருந்தது. அக்டோபர் 31, மாலை. தலைப்பு: 'அப்பாவுக்கு'.

பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. இங்கே எடுத்து எழுதி வைக்கிறேன்.

"அப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். படித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டீர்கள் என்றும் தெரியும். என் கழுத்தில் ஒரு கட்டி. நவம்பர் 14 எடுக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆனால் குரல் நரம்பை ஒட்டி இருப்பதால், பிறகு என் குரல் இதே மாதிரி இருக்குமா என்று உறுதி சொல்ல முடியாதாம். கல்யாணத்துக்கு நீங்கள் வராததை நான் இன்னும் மறக்கவில்லை. பத்தொன்பதாயிரம் ஒரு டிக்கெட்டா, பகல் கொள்ளை என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினீர்கள். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். இந்தக் குரல் இருக்கும்போதே உங்களோடு ஒரு தடவை பேச ஆசை. அதற்குள் ஒரு போன் செய்யுங்கள். முடிந்தால் அம்மாவோடு வாருங்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை."

எழுத்துப் பிழை ஒன்று கூட இல்லை.

செலின் எண்ணுக்கு ஆறு முறை கூப்பிட்டேன். அணைத்து வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

ஒன்பது மணிக்கு ஏஜென்ட் கடை திறந்தது. எட்டரைக்கே வாசலில் நின்றேன். கடையில் இருந்தது சிவப்பிரகாசத்துக்கு டிக்கெட் போட்ட அந்த ஆள், நாற்பது வயதிருக்கும், நெற்றியில் சந்தனம்.

"நாளைக்குக் காலைலயா? ரெண்டு சீட்டுதான் இருக்கு சார். கோலாலம்பூர்லேர்ந்து பினாங்குக்கு வேற விமானம் மாத்தணும். வெல ஜாஸ்தி வரும். திங்கள்கிழமைன்னா பாதிக்குக் கெடைக்கும்."

"நாளைக்கே போடுங்க."

"என்ன சார், அவசரமா?"

"மகளுக்கு உடம்பு சரியில்ல" என்றேன். இந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் பேர் என் கவுண்டரில் சொல்லியிருப்பார்கள். நிமிர்ந்து கூடப் பார்த்ததில்லை. இவன் நிமிர்ந்து பார்த்தான். உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். டீ வரவழைத்தான். அவனை வெறுக்க வேண்டும் என்று எவ்வளவோ முயன்றேன்.

கடவுச்சீட்டைப் புரட்டியவன், "இதுதான் மொதல் தடவையா சார்?" என்றான். எடுத்து ஐந்து வருடமாகிறது. ஒரு முத்திரை இல்லை. உள்நாட்டில் கூட நான் விமானம் ஏறியதில்லை. இந்த நாட்குறிப்பில் அதை இதற்கு முன் எழுத வேண்டிய அவசியம் வரவில்லை.

பதினொரு மணிக்கு லூர்து ஒரு வரி அனுப்பினாள்: 'முடிந்தது. நலம்.'

வருகிறேன் என்று விமான நேரத்தோடு பதில் அனுப்பினேன்.

நவம்பர் 15, சனி

காது அடைத்தது. பக்கத்தில் இருந்த பையன் பெல்ட் போடச் சொல்லிக்கொடுத்தான். மேகத்தைப் படம் எடுக்கிற முட்டாள்கள். நானும் பார்த்தேன்.

பினாங்கில் இறங்கியபோது குணசீலன் நின்றிருந்தான். கல்யாணப் படத்தில் பார்த்ததை விடத் தலை நரைத்திருக்கிறது. "வாங்க மாமா. சாப்ட்டீங்களா? வழியில சாப்ட்டுத்தான் போகணும், வீட்ல ஒண்ணும் செய்யல" என்றான். என் பையை வாங்கிக்கொண்டான். அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிறான், சட்டை கசங்கியிருந்தது. நான்கு வருடத்துக் கதை எதையும் எடுக்கவில்லை. நான் அவனிடத்தில் இருந்திருந்தால் எடுத்திருப்பேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று வழியெல்லாம் பார்த்தேன். வண்டியை நன்றாக ஓட்டுகிறான். எரிச்சலாக இருந்தது.

"எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கா மாமா. பேசத்தான் கூடாது. ரெண்டு வாரம் போகட்டும், அப்புறம்தான் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலை பத்து மணிக்கு உள்ளே விட்டார்கள். செலின் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கட்டு. முகம் மெலிந்து என் அம்மாவின் ஜாடை வந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். லூர்து "பேசாத" என்று அதட்டினாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒன்றை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

லூர்து எழுந்து வெளியே போனாள். எங்களைத் தனியாக விட்டாளா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையா, தெரியாது.

என்ன சொல்ல வேண்டும் என்று திருச்சியிலிருந்து ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். ரீடரைப் பற்றி, கோப்புறையைப் பற்றி, இரண்டு நாள் கணக்கைப் பற்றி. முழுக்க நியாயமான விளக்கம். வாயில் வந்தது, "இங்க ஏசி ரொம்ப வச்சிருக்கான்" என்பதுதான். அவள் என்னையே பார்த்தாள். என் எதிரே யாரும் பதில் பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான். இது அந்த மாதிரி இல்லை.

"நான் படிக்கலம்மா" என்றேன். "மத்ததெல்லாம் ஒண்ணு விடாம படிச்சேன். மீன் கொழம்பு வச்சது, மழைல குடை பறந்தது, எல்லாம். அதை மட்டும் படிக்கல. படிச்சிருந்தா..." அழுதுவிட்டேன். அறுபத்து மூன்று வயதில், அந்நிய ஊர் ஆஸ்பத்திரியில், மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை கூட இல்லாமல்.

அவள் கைபேசியை எடுத்து ஏதோ தட்டினாள். என் பக்கம் திருப்பினாள்.

'எவ்வளவுக்கு வந்தீங்க?'

குறைத்துச் சொல்லியிருக்கலாம். யார் விசாரிக்கப் போகிறார்கள்?

"நாப்பத்து ஒண்ணாயிரத்து அறுநூறு" என்றேன். "ஏஜென்ட் கமிஷன் தனி."

அவள் கண்கள் விரிந்தன. தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லை. ஒரு கையால் கழுத்துக் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். பிறகு ஒரே விரலால் தட்டிக் காட்டினாள்.

'நல்லா ஏமாந்துட்டீங்க.'

"ஆமாம்மா" என்றேன். "நல்லா ஏமாந்துட்டேன்."

தாதி ஓடிவந்து, நோயாளியைச் சிரிக்க வைத்ததற்காக என்னை அவர்கள் மொழியில் ஏசினாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. செலின் என் கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை.